எந்தச் சபையில் சேருவது? அவசரப்படாமல் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தாம்பரம் பக்கம் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தால் ஒன்பது சபைப் பலகைகள் கண்ணில் படும். ஒன்று மாதா கோவில், ஒன்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயம். மீதி ஏழில் இரண்டு மொட்டை மாடித் தகரக் கொட்டகைகள், ஒன்று பழைய கல்யாண மண்டபம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் மைக் சத்தம் வரும்.

நான் பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. கிராமம். சித்தி குடும்பம் பெந்தெகொஸ்தே. மனைவி ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். அதனால் ‘எந்தச் சபை சரி’ என்ற சண்டை எங்கள் வீட்டுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கு, அதிரசத்தோடு சேர்ந்தே வரும். ஊரை விட்டு நகரத்துக்கு வந்து புதுச் சபை தேடுகிறவர்கள், கலப்புத் திருமணம் செய்யப் போகிறவர்கள், கிறிஸ்தவரல்லாத குடும்பத்திலிருந்து விசுவாசத்துக்கு வந்து எங்கே சேருவதென்று தெரியாமல் நிற்பவர்கள் ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பேசுவது தமிழ்நாட்டுச் சபைகளைப் பற்றி.

முதல் படி: ஏன் தேடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளில் காரணத்தை எழுதுங்கள். பிறகு அது ஆள் மீதுள்ள கோபமா, போதனை மீதுள்ள சந்தேகமா என்று பாருங்கள். ஐயர் (சபைப் போதகர்) பிரசங்கம் பிடிக்கவில்லை, கமிட்டித் தேர்தலில் அடிதடி, பாடகர் குழுவில் சேர்க்கவில்லை என்பதெல்லாம் ஆள் மீதுள்ள கோபம். சி.எஸ்.ஐ.யிலும் ஆர்.சி.யிலும் குருமாரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். அதற்காகச் சபையையே மாற்றுவது வீண் வேலை. அதே சபையின் பக்கத்து வட்டாரத்துக்கு, அதாவது சி.எஸ்.ஐ. என்றால் சேகரத்துக்கோ ஆர்.சி. என்றால் பங்குக்கோ போனாலே போதும்.

நண்பர் ஒருவர் தேர்தல் சண்டை வெறுத்துப்போய்த் தனிச் சபை ஒன்றுக்குப் போனார். அங்கே தேர்தலே இல்லை. கணக்குக் கேட்கவும் வழியில்லை என்பது அவருக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

‘குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை’, ‘அப்பம் வெறும் அடையாளம்தான் என்பதை ஏற்க முடியவில்லை’ என்று உங்கள் தாளில் இருந்தால் அது வேறு விஷயம். அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாவது படி: நான்கு கேள்விகள்

இந்த நான்குக்கும் உங்கள் பதில் என்ன என்பது தெரிந்துவிட்டால் பாதி பலகைகள் தாமாகக் கழிந்துவிடும்.

முதலாவது, ஞானஸ்நானம் யாருக்கு? தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே குடும்பங்களைப் பிரித்த கேள்வி இதுதான். ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகள் குழந்தைக்குக் கொடுப்பார்கள். பிள்ளை வளர்ந்ததும் அந்த விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கு, அதாவது உறுதிப்பூசுதல் அல்லது திடப்படுத்தல் உண்டு. அவர்கள் காட்டுவது அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம்: லீதியாள் வீட்டார், சிறைச்சாலைக்காரன் வீட்டார் எல்லாரும் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார்கள். பெந்தெகொஸ்தே, பிரதரன், அட்வென்டிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகள் மாற்கு 16:16-ஐக் காட்டுவார்கள்: விசுவாசம் முதலில், ஞானஸ்நானம் பிறகு, அதுவும் தண்ணீரில் முழுகித்தான். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனால் மறுபடியும் முழுக வேண்டியிருக்கும், ஏனென்றால் குழந்தையில் பெற்றதை அவர்கள் ஞானஸ்நானமாகவே எண்ணுவதில்லை. சி.எஸ்.ஐ.யோ இரண்டாம் ஞானஸ்நானத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஆக, இது திரும்பி வருவதற்குச் சிரமமான வாசல். கடைசியாகத் திறவுங்கள்.

இரண்டாவது, நற்கருணையில் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும் என்ன? கத்தோலிக்கருக்கு அவை கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன. அதனால்தான் நற்கருணைப் பேழைக்கு முன் முழங்காலிடுகிறார்கள். லுத்தரன் போதனையில் அப்பம் அப்பமாகவே இருக்கிறது, ஆனால் கிறிஸ்து அதில் மெய்யாகவே இருக்கிறார். பெந்தெகொஸ்தேயினருக்கும் பிரதரனுக்கும் அது நினைவுகூருதல். சி.எஸ்.ஐ.யில் இந்த மூன்று விதமாக நம்புகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

மூன்றாவது, கடைசி வார்த்தை யாருடையது? வேதம் மட்டுமா, வேதத்தோடு திருச்சபை மரபும் போப்பாண்டவரும் சேர்ந்தா? பேராயரும் சினோடுமா (சபையின் பேரவை), மூப்பர்களா, அல்லது ஒரே ஒரு பாஸ்டரா? வேதப் புத்தகமே கூட வேறுபடும்: கத்தோலிக்கருக்கு 73 நூல்கள், மற்றவர்களுக்கு 66.

நான்காவது, அந்நியபாஷை (ஆவியின் வரமாகத் தெரியாத மொழியில் பேசுவது), தீர்க்கதரிசனம், சுகமளிக்கும் வரம் எல்லாம் இன்றைக்கும் உண்டா? ‘இது அமெரிக்க இறக்குமதி’ என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான அசூசா தெரு எழுப்புதல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது 1906-இல். அதற்கு நாற்பது வருடங்களுக்கும் முன்பே, 1860-இல், நம் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் காலத்து எழுப்புதலில் அந்நியபாஷை பேசியதாக மிஷனரிப் பதிவுகள் சொல்கின்றன. ஏற்பதும் ஏற்காததும் உங்கள் பாடு. இறக்குமதி என்று மட்டும் தள்ளிவிட முடியாது.

இந்த நான்குக்கும் வெளியே ஒரு எல்லைக்கோடு உண்டு: திரித்துவம், அதாவது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பது. யெகோவாவின் சாட்சிகள் அதை ஏற்பதில்லை. பெந்தெகொஸ்தே பெயரிலேயே ‘இயேசுவின் நாமத்தில் மட்டும்’ ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு பிரிவும் ஏற்பதில்லை. பலகையைப் பார்த்தால் தெரியாது. ‘எந்த நாமத்தில் முழுக்குவீர்கள்?’ என்று கேட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது படி: வீடுகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

கத்தோலிக்கம். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறை மீனவர்களிடையே வேலை செய்தது முதல் தமிழ் மண்ணில் ஆழ வேரோடியது. திருப்பலி, செபமாலை, ஒப்புரவு, புனிதர்கள், கொடியேற்றம், தேர்பவனி எல்லாம் உண்டு. உடம்பும் கண்ணும் சேர்ந்து வழிபட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பொருந்தும். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என மூன்று வழிபாட்டு முறைகள் உண்டு. மூன்றும் ஒரே போப்பின் கீழ்தான், ஆனால் பூசை வேறு மாதிரி இருக்கும்.

சபைப் பழக்கம் முழுவதும் மொழியில் தெரியும். 23-ஆம் சங்கீதத்தைச் சி.எஸ்.ஐ. பிள்ளை ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்’ என்று மனப்பாடமாகச் சொல்லும். என் மனைவிக்கு அது திருப்பாடல்: ‘ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை.’ திருமணமான புதிதில் இரவு ஜெபத்தில் இருவரும் சேர்ந்து சொல்லத் தொடங்கி, முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு, சிரித்துவிட்டு நிறுத்தியிருக்கிறோம். பரிசுத்த ஆவியானவர் அவளுக்குத் தூய ஆவியார், ஆதியாகமம் தொடக்க நூல். சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன்னால் வாயில் வருவது எந்த வரி என்பது சின்ன விஷயம் இல்லை.

சி.எஸ்.ஐ. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இணைந்து பிறந்தது. பேராயர்களும் உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட கமிட்டிகளும் உண்டு, பெண்களும் போதகராகலாம். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, இணைந்தபிறகும் பழைய மிஷன் வாசனை போகவில்லை. திருநெல்வேலி, நாசரேத் பக்கம் ஆங்கிலிக்கன் வழி. அங்கி, ஆல்டர் (பீடம்), அச்சிட்ட ஆராதனை முறை. கன்னியாகுமரியில் லண்டன் மிஷன் வழி, எளிமை அதிகம். பெரியவர்கள் இன்னும் ‘எல்.எம்.எஸ்.’ என்றுதான் சொல்வார்கள். மதுரையில் அமெரிக்கன் மிஷன், வேலூரில் ஆற்காடு மிஷன். ஒரு சி.எஸ்.ஐ. ஆலயம் பிடிக்கவில்லை என்பதற்காகச் சி.எஸ்.ஐ.யே பிடிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்க மெதடிஸ்ட் வழிவந்த சபைகள் இந்த இணைப்பில் சேரவில்லை; அவை தனி.

லுத்தரன். சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியதிலிருந்து தொடங்கும் கதை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-இல் உருவானது, தலைமையிடம் திருச்சி. கிருபையால் மட்டுமே மீட்பு என்ற போதனையை விடாமல் பிடித்துக்கொண்டு, பழைய ஆராதனை ஒழுங்கையும் விடாதவர்கள். அமைதியான இடம் தேடுகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

பெந்தெகொஸ்தே என்பது ஒரு சபை அல்ல, ஒரு பெரிய சந்தை. ஒரு முனையில் தி பெந்தெகொஸ்தே மிஷன்: இலங்கையில் தொடங்கியது, இப்போது தலைமையிடம் தாம்பரம் பக்கத்து இரும்புலியூர். வெள்ளை உடை, நகை கிடையாது, ஊழியர்கள் திருமணம் செய்யாமல் விசுவாச வீடுகளில் கூடி வாழ்வார்கள், மருந்தும் எடுப்பதில்லை. இன்னொரு முனையில் அசெம்பிளீஸ் ஆஃப் காட் போன்ற அமைப்புகள்: குடும்பஸ்தரான பாஸ்டர்கள், கீபோர்டு, டிரம்ஸ், டாக்டரிடம் போகத் தடையில்லை. நடுவே எந்த அமைப்பிலும் சேராத ஆயிரம் தனிச் சபைகள். ஜெபம் சூடாக இருக்கும். புதிதாக வருகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஜுரம் என்றால் வீட்டுக்கே வந்து நிற்பார்கள். பெரிய ஆலயங்களில் இருபது வருடம் போனாலும் இது கிடைக்காது என்பதை ஒரு சி.எஸ்.ஐ.காரனாக வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிரதரன் சபையில் பாஸ்டர் என்று ஒருவர் இல்லை. ஞாயிறுதோறும் அப்பம் பிட்குதல், பெண்கள் முக்காடு, வேதத்தை வரி வரியாக ஆராய்வது. படிப்பாளிகளுக்குப் பிடிக்கும், பெண்கள் சபையில் பேசக்கூடாது என்பது பலருக்குப் பிடிக்காது. அட்வென்டிஸ்டுகள் வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள் ஆசரிப்பவர்கள். பன்றி இறைச்சி, இறால், நண்டு கிடையாது. சனிக்கிழமை வேலை வைக்கிற ஆபீசில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். நாகர்கோவில்காரர்களுக்கு ஆஸ்பத்திரி மூலம் நன்றாகத் தெரிந்த இரட்சணிய சேனையில் (சால்வேஷன் ஆர்மி) ஞானஸ்நானமும் கிடையாது, இராப்போஜனமும் (நற்கருணை) கிடையாது. ஏழைக்குச் செய்வதே ஆராதனையின் பாதி.

நான்காவது படி: போய் உட்காருங்கள்

ஒரு ஞாயிறு போதாது. குறைந்தது ஆறு வாரம் போங்கள். அதில் ஒன்று நற்கருணை ஆராதனை, ஒன்று வாரநாள் ஜெபக்கூட்டம், முடிந்தால் ஒரு துக்க வீடு.

கதவருகே உட்காராதீர்கள், நடுவில் உட்காருங்கள். செருப்பை வெளியே விடுகிறார்களா, ஆணும் பெண்ணும் தனித்தனியா என்று நுழையும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்க ஆலயத்தில் மற்றச் சபையாருக்கு நற்கருணை கொடுப்பதில்லை. வரிசையில் போய் நின்று குருவானவரைச் சங்கடப்படுத்தாமல் இடத்திலேயே இருங்கள். சி.எஸ்.ஐ.யில் மற்றச் சபைகளில் நற்கருணை எடுக்கும் உரிமை உள்ளவர்களைப் பொதுவாக அனுமதிப்பார்கள். பிரதரன் சபையில் உங்கள் பழைய சபையின் சிபாரிசுக் கடிதம் கேட்கலாம். பல பெந்தெகொஸ்தே சபைகளில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டுமே.

பிரசங்கத்தைக் கேட்கும்போது, அது வேதத்திலிருந்து வருகிறதா, பாஸ்டரின் சொந்த அனுபவத்திலிருந்தே வருகிறதா என்று கவனியுங்கள். மற்றச் சபைகளைத் திட்டாமல் அவரால் அரை மணி நேரம் பேச முடிகிறதா என்றும் பாருங்கள். ‘மாத்திரையை நிறுத்து, விசுவாசம் போதும்’ என்று சர்க்கரை நோயாளியிடமோ வலிப்பு நோயாளியிடமோ ஒருவர் சொல்லக் கேட்டால், ஆராதனை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்; எழுந்து வந்துவிடுங்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வரும் பத்து நிமிடம்தான் எனக்குப் பிரசங்கத்தைவிட முக்கியம். ஒரு சபையில், வீட்டு வேலை செய்யும் ஒரு அம்மா படியருகே நின்றிருந்தார். கார்களில் வந்தவர்கள் அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மட்டும் நின்று, ‘ஆன்ட்டி, போன வாரம் வரலியே?’ என்றான். அந்தச் சபையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்.

ஐந்தாவது படி: காசைப் பற்றியும் சாதியைப் பற்றியும் கேளுங்கள்

கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இடமும் கட்டடமும் யார் பெயரில்? வருடக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், சபையில் வாசிக்கிறார்களா? தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒன்று) கட்டாயமா, கொடுத்தவர் பெயரைச் சொல்கிறார்களா? அடுத்த பாஸ்டரை யார் நியமிப்பார்கள்? கடைசிக் கேள்விக்கு ‘அவருடைய மகன்தான்’ என்று பதில் வந்தால், நீங்கள் சேரப்போவது ஒரு குடும்பத்தில். பெரிய சபைகளில் ஊழலே இல்லை என்று சொல்லவில்லை. சொத்து வழக்குகள் கோர்ட்டுகளில் குவிந்து கிடக்கின்றன. வழக்குப் போட ஒரு சட்டதிட்டமாவது அங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

சாதியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் எல்லாரும் ‘கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று’ என்பார்கள். தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் ஆலயத்துக்குள் தனித்தனி வரிசை இருந்தது வரலாறு. தனிக் கல்லறைத் தோட்டம் இன்றும் சில ஊர்களில் உண்டு. அதனால் வாயால் கேட்காதீர்கள். கடந்த இரண்டு வருடத்தில் ஓலை (சபையில் திருமண அறிவிப்பு) வாசித்த திருமணங்கள் எந்தெந்தக் குடும்பங்களுக்கு இடையே, கமிட்டியில் யார் யார் என்று பாருங்கள். கல்லறைத் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்தால் மிச்சமும் தெரியும்.

ஆறாவது படி: கல்யாணமும் சாவும்

இருபத்தைந்து வயதில் யாரும் இதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

தனிச் சபை என்றால், பாஸ்டருக்குத் திருமணம் நடத்த உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர்கள் தங்கள் சபை விதிப்படி நடத்தலாம். மற்றப் போதகர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். அது இல்லாமல் நடத்துவது குற்றம், பிற்பாடு சான்றிதழுக்கு அலைவது நீங்கள்தான். கத்தோலிக்கர் ஒருவர் வேறு சபையாரை மணக்கக் கத்தோலிக்க ஆயரின் (பிஷப்) அனுமதி பெற வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும். மணப்பெண்ணோ மாப்பிள்ளையோ இதை நிச்சயதார்த்தம் முடிந்தபிறகு கேள்விப்படுவதைப்போன்ற தலைவலி வேறில்லை. எங்களுக்கு அப்படித்தான் நடந்தது.

உறவுக்காரர் ஒருவர் பிறந்த சபையை விட்டுப் பதினைந்து வருடம் வாடகைக் கட்டடச் சபை ஒன்றில் உயிராக இருந்தார். இறந்த அன்று பாஸ்டர் ஓடி வந்தார், ராத்திரி முழுக்கப் பாடினார்கள். காலையில்தான் தெரிந்தது, சபைக்குக் கல்லறை இடம் இல்லை. ஊர்ச் சபையில் கேட்டால், ‘சந்தா கட்டி எத்தனை வருஷம் ஆச்சு?’ என்றார்கள். இரண்டாம் நாள் ஐஸ் பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை கட்டிவிட்டு, கடைசியில் பொது மயானத்தில் ஒரு மூலை கிடைத்தது. சென்னையிலோ பழைய கல்லறைகளிலேயே இடநெருக்கடி. ‘அடக்கம் எங்கே செய்வீர்கள்?’ என்று சேருவதற்கு முன்பே கேளுங்கள். நல்ல பாஸ்டர் கோபப்பட மாட்டார்.

ஏழாவது படி: சேரும்போது கையில் வேண்டியவை

கத்தோலிக்கத்துக்கு மாறினால், திரித்துவப் பெயரால் தண்ணீரில் முறையாகப் பெற்ற ஞானஸ்நானம் இருந்தால் மறுபடியும் கொடுப்பதில்லை. மறைக்கல்வி முடித்து, விசுவாசத்தை அறிக்கையிட்டு, உறுதிப்பூசுதலும் நற்கருணையும் பெறலாம். சி.எஸ்.ஐ.க்கோ லுத்தரனுக்கோ வந்தால் வகுப்பு, திடப்படுத்தல் அல்லது சபையில் ஏற்றுக்கொள்ளுதல், பழைய சபையின் மாற்றுக் கடிதம். பெந்தெகொஸ்தேயென்றால் முழுக்கு. ‘இந்த வாரமே எடுங்கள்’ என்று யார் அவசரப்படுத்தினாலும் ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

ஒரு கிறிஸ்தவச் சபையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதால் மட்டும் சாதிச் சான்றிதழில் எதுவும் மாறாது. ஆனால் பட்டியல் சாதிக் குடும்பத்திலிருந்து புதிதாகக் கிறிஸ்தவத்துக்கு வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்: 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி எஸ்.சி. தகுதி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினருக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் சட்டம் இன்று இதுதான், இதைச் சொல்லாமல் ஞானஸ்நானம் கொடுக்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

பழைய சபையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கே உள்ள போதகரையோ குருவானவரையோ நேரில் பார்த்து, காரணத்தைச் சொல்லி, ஜெபம் பண்ணிவிட்டு வாருங்கள். வரும்போதே ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயரும் அப்பா பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கோயில்பிள்ளையை (ஆலயப் பணியாளர்) பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பாருங்கள். என் பதிவில் அப்பா பெயரில் ஒரு ‘ல’ குறைந்திருந்தது. அதைத் திருத்த மூன்று முறை ஊருக்கு பஸ் ஏறினேன்.